தாப்பா ஆறுகளுக்கும் ட்ரவுட் பயணத்துக்கும் ஒரே தூண்டில் கோல்: எதை வாங்குவது?

மலேசியாவின் கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை தொடங்கும் தாப்பாவிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஆற்றுத் தூண்டில் பழகும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். மண்புழுவும் மாவும் கோத்துப் பிடித்து வளர்ந்த அவர்களில் பலருக்கு இப்போது, இறகும் நூலும் சுற்றிய முள்ளை வீசிப் பிடிக்கும் ஃபிளை தூண்டிலின் மீது ஆசை பிறந்திருக்கிறது. என்றாவது நியூசிலாந்துக்குப் போய் ட்ரவுட் மீன் பிடித்துவிட வேண்டும் என்பதும் அந்த ஆசையில் சேர்த்தி. அவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, ஒரு செட் வாங்கத்தான் காசு சேர்த்திருக்கிறேன். இங்கேயும் உதவ வேண்டும், பிறகு ட்ரவுட்டுக்கும் உதவ வேண்டும். எதை வாங்கட்டும்?"

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் பொருளைப் பற்றிய கேள்வி இது என்பதால் பதிலும் பொறுப்போடு இருக்க வேண்டும். கடைக்காரர் சொல்வதையும் விளம்பரப் படத்தையும் ஒதுக்கிவிட்டு, நாம் உண்மையில் நிற்கப்போகும் கரையையும் அந்தத் தண்ணீரின் சூட்டையும் வைத்து மூன்று வகைக் கருவிகளை இங்கே ஒப்பிடுகிறேன். முதலாவது, 9 அடி நீளமுள்ள 6 எண் ஃபிளை கோலும் ரீலும். இரண்டாவது, ரீலே இல்லாத ஜப்பானியத் தென்காரா கோல். மூன்றாவது, அல்ட்ராலைட் என்று நம் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் மெல்லிய ஸ்பின்னிங் கோல்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடம். ஃபிளை வீச்சில் லைன் முன்னே போகும் அளவுக்குப் பின்னேயும் போய் நீண்டு வர வேண்டும். பத்தாங் பாடாங் ஆறு அகன்று ஓடும் இடங்களில் கற்பரப்பில் இறங்கி நின்றால் அதற்கு இடம் உண்டு. லாத்தா கிஞ்சாங் அருவிப் பக்கத்துச் சிற்றோடைகளிலோ, மூங்கிலும் பிரம்பும் தலைக்கு மேல் கவிந்திருக்கும் கிளையாறுகளிலோ அந்த இடம் கிடைக்காது.

இரண்டாவது, தண்ணீரின் சூடு. ட்ரவுட் குளிர்நீர் மீன். நீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அது சோர்வடையத் தொடங்கும். நம் தாழ்நில ஆறுகளோ ஆண்டு முழுவதும் 25 பாகையை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கின்றன. இது மீனை மட்டும் பற்றிய செய்தியன்று. ட்ரவுட்டுக்கென்று செய்யப்பட்ட கருவிகள் எல்லாம் குளிரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதால், நம் வெயிலில் அவற்றில் சில சரியாக வேலை செய்யா.

மூன்றாவது, எதிரே வரும் மீன். ஓடைகளில் கையளவு தெங்காஸும் லம்பாமும் கிடைக்கும். சற்றுப் பெரிய ஆற்றில் சின்ன மீனை விரட்டித் தின்னும் செபாராவ் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால், அல்லது இல்லாவிட்டால், பாறைக்குள் பாய்ந்து நூலை அறுக்கும் கெலா வரும். நான்காவது, விலைச்சீட்டில் தெரியாத செலவு. ஐந்தாவது, திரும்ப விடப்போகும் மீனுக்கு எவ்வளவு காயம் என்பது. சூடான நீரில் பிராணவாயு குறைவு. நெடுநேரம் இழுத்துக் களைத்த மீன் நம் கண் முன்னே நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கடைசி அளவுகோல்தான் ட்ரவுட் பயணம். பலர் அதை முதலில் வைத்து வாங்குகிறார்கள். ஆண்டில் ஒரு வாரம் போகப்போகும் நாட்டுக்காக, மற்ற நாட்களில் நிற்கும் ஆற்றை மறந்துவிடக் கூடாது.

9 அடி, 6 எண் ஃபிளை கோல்

ஃபிளை என்பது இறகும் நூலும் சுற்றிய தூண்டில் முள். அதற்கென்று எடை கிடையாது. ஆகவே இந்த முறையில் எடை முழுவதும் லைனில் இருக்கிறது. கோலின் மேல் பொறித்திருக்கும் எண் அந்த லைனின் எடையைக் குறிக்கிறது: 5 எண் லைனின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம், 6 எண் லைனுக்கு 10 கிராமுக்குச் சற்று மேல், 8 எண் லைனுக்கு 13 கிராமுக்கு மேல். ட்ரவுட் புத்தகங்கள் பெரும்பாலும் 5 எண்ணைப் பரிந்துரைக்கும். நான் 6 என்று சொல்வதற்குக் காரணம் செபாராவ். அதைப் பிடிக்கக் கண்ணில் ஈயமோ பித்தளையோ கட்டிய குளோசர் மின்னோ போன்ற கனமான ஃபிளைகள் வேண்டும். அவற்றை 5 எண் கோல் தடுமாறித்தான் தூக்கும், 6 எண் சிரமமின்றி வீசும். நியூசிலாந்தின் பெரிய ஆறுகளிலும், காற்று வீசும் நாளிலும், 6 எண் கோலை யாரும் மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

இனி, இணையக் கடைகளில் விற்கும் 'ட்ரவுட் முழுத் தொகுப்பு' பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் நம்மவர் பணம் அதிகம் வீணாவது அதில்தான். தொகுப்பில் வரும் கோல் பெரும்பாலும் பழுதில்லை. ரீலும் நன்னீருக்குப் போதும். கோளாறு லைனில் இருக்கிறது. குளிர்ந்த நீரில் சுருண்டு விறைக்காமல் இருப்பதற்காக அந்த லைனின் உள்நூலையும் மேற்பூச்சையும் மென்மையாகச் செய்திருப்பார்கள். காலை எட்டு மணிக்கு அது ஒழுங்காக ஓடும். பதினொரு மணி வெயிலில் அதே லைனை விரல்களுக்கு இடையில் இழுத்துப் பாருங்கள்: வழுவழுப்பு போய்ப் பிசுபிசுப்பு வந்திருக்கும், வளையங்களுக்கு இடையில் தொய்ந்து கோலின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும், வீசும்போது வளையத்துக்குள் ஓட மறுக்கும். புதிதாகப் பழகுபவர் இதைத் தம் கையின் குறை என்று எண்ணி இன்னும் பலமாக வீசுவார். பலம் கூடக் கூட வீச்சு கெடும். பலர் ஃபிளையைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

இதற்குத் தீர்வு வெப்பநாட்டு லைன். அதன் உள்நூலும் பூச்சும் விறைப்பானவை, வெயிலில் தளரா. அதன் விலை ஒரு தொடக்கநிலைக் கோலின் விலையை நெருங்கும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள். அதனால் தொகுப்பாக வாங்குவதைவிடக் கோல், எளிய ரீல், வெப்பநாட்டு மிதவை லைன் என்று தனித்தனியாக வாங்குவதே சிக்கனம். ரீலில் மிச்சம் பிடிக்கலாம். லைனில் பிடிக்கக் கூடாது. லைனுக்கு அடியில் 20 ராத்தல் பலமுள்ள பேக்கிங் நூலை 50 மீட்டராவது சுற்றிக்கொள்ளுங்கள். கெலா ஓடத் தொடங்கினால் அது தேவைப்படும்.

மறைந்திருக்கும் வேறு செலவுகளும் உண்டு. கொசுவுக்கும் அட்டைக்கும் பயந்து நாம் பூசும் மருந்துகளில் பல டீட் என்னும் இரசாயனம் கலந்தவை. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மருந்து பூசிய விரலால் லைனைத் தொட்டால் பூச்சு சீக்கிரமே வெடித்துப்போகும். புறங்கையால் தடவிக்கொண்டு, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு லைனைத் தொடுவது நல்ல பழக்கம். மோட்டார் சைக்கிள் பெட்டியில் நாளெல்லாம் வெயிலில் வைத்திருப்பதும் லைனைக் கெடுக்கும். இவற்றோடு லைனின் முனையில் கட்டும் லீடர் நூலும், அதன் நுனியில் ஃபிளையைக் கட்டும் மெல்லிய டிப்பெட் நூலும் தீர்ந்துகொண்டே இருக்கும். மரக்கிளை தின்னும் ஃபிளைகளுக்கும் கணக்கில்லை. ஃபிளைகளை நாமே கட்டிக்கொண்டால் செலவு பாதியாகக் குறையும். வீட்டில் வளரும் கம்போங் சேவலின் கழுத்து இறகு இதற்கு அருமையான பொருள். வூலி பக்கர் என்னும் எளிய ஃபிளை ஒன்றைக் கட்டக் கற்றுக்கொண்டாலே செபாராவுக்கும் உதவும், ட்ரவுட்டுக்கும் உதவும். செம்பனைப் பழத்தைக் கெலா விரும்பித் தின்னும் என்பது தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். அந்தப் பழத்தின் நிறத்தில் ஃபிளை கட்டிப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

கற்கும் காலம் இதற்குத்தான் அதிகம். மாலையில் தமிழ்ப்பள்ளித் திடல் காலியாக இருக்கும்போது, முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டி வீசிப் பழகலாம். தார்ச்சாலையில் பழகினால் லைன் தேய்ந்துவிடும். பின்னால் போகும் லைன் முழுவதும் நீளும் வரை காத்திருப்பதுதான் இந்தக் கலையின் பாதி. பின்னால் இடம் இல்லாத கரைக்கு ரோல் வீச்சு உண்டு: லைனைத் தண்ணீரின் மேலேயே இழுத்து, கோலைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து, ஒரே உந்தலில் உருட்டி விடுவது. தூரம் குறையும், ஆனால் வேலை நடக்கும். அதற்கும் தலைக்கு மேல் கோல் எழும்ப இடம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

அகன்ற ஆறும், வாரம் ஓரிரு மாலை பழகும் பொறுமையும், உண்மையான ட்ரவுட் பயணத் திட்டமும் உள்ளவர்களுக்கு இதுவே ஏற்றது. என் சொந்த விருப்பமும் இதுதான். தண்ணீரின் மேல் மெதுவாக இறங்கும் ஃபிளையை மீன் தேடி வந்து எடுப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சியை மற்ற இரண்டும் இந்த அளவுக்குத் தருவதில்லை.

தென்காரா கோல்

ஜப்பானிய மலையோடைகளில் யமாமே, இவானா முதலிய மீன்களைப் பிடிக்கத் தோன்றிய முறை இது. 3.3 முதல் 4.5 மீட்டர் வரை நீளும் மடக்குக் கோல், அதன் நுனியில் நேரடியாகக் கட்டிய ஒரே நூல், அதன் முனையில் கெபாரி என்னும் ஃபிளை. ரீல் இல்லை, வளையம் இல்லை. மடக்கினால் முதுகுப்பையில் அடங்கிவிடும். வேலை முடிந்து மோட்டாரில் ஓடைக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டியவர்களுக்கு இது பெரிய வசதி. வீசுவதற்கு ஒரு வாரத்தில் பழகிவிடலாம். வெப்பம் பாதிக்கும் பூச்சு எதுவும் இதன் நூலில் இல்லை. முழங்கால் ஆழ ஓடையில், பாறைக்குப் பின்னால் சுழலும் சிறு தேக்கத்தில், ஃபிளையை மட்டும் தண்ணீரில் விட்டு நூல் முழுவதையும் காற்றில் தூக்கிப் பிடிக்க முடிவது இதன் தனிச் சிறப்பு. தெங்காஸுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

ஆனால் இதன் எல்லை கடுமையானது. பெரிய மீன் ஓடினால் விடுவதற்கு நூல் இல்லை; நாம்தான் கூடவே ஓட வேண்டும். கோலின் நுனி உடையாமல் இருக்க, டிப்பெட் 5 எக்ஸுக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது என்பது பொது விதி. 5 எக்ஸ் என்றால் 0.15 மில்லிமீட்டர். ஒரு கிலோ செபாராவ் நீரோட்டத்தோடு சேர்ந்து பாய்ந்தால் அந்த நூல் அறுந்து, முள் மீனின் வாயிலேயே தங்கிவிடும். அதனால் செபாராவும் கெலாவும் உள்ள ஆற்றில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறைந்திருக்கும் செலவு நுனித் துண்டு: வாங்கும்போதே மாற்று நுனி தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், கிடைக்காத கோலை வாங்காதீர்கள்.

அல்ட்ராலைட் ஸ்பின்னிங் கோல்

இங்கே எடை லூர் என்னும் போலி இரையில், அதாவது ஸ்பூன் என்னும் உலோகத் தகட்டிலோ சிறு மீன் வடிவ மின்னோவிலோ, இருக்கிறது. நூல் அதன் பின்னால் ஓடுகிறது. ஐந்தரை, ஆறு அடிக் கோல், 1000 அளவு ரீல், மெல்லிய பின்னல் நூல், 2 முதல் 5 கிராம் வரையுள்ள லூர்கள் என்று எல்லாமே நம் பட்டணத்துத் தூண்டில் கடைகளில் கிடைப்பவை. பழுதானால் அடுத்த நாளே மாற்றலாம். பின்னால் இடமே இல்லாத கரையிலிருந்தும், கவிந்த மரத்தின் அடியிலிருந்தும், இடுப்பு உயரத்தில் கோலை மெல்லச் சுண்டி எதிர்க்கரைப் பாறையோரம் லூரை இறக்க முடியும். செபாராவ் ஸ்பூனை அடிக்கும் அடி, ஒரு முறை பட்டவர்களுக்கு மறக்காது.

குறை இரண்டு. முதலாவது முள். பெரும்பாலான லூர்களில் மூன்று கொக்கி சேர்ந்த முள் ஒன்றோ இரண்டோ இருக்கும். அது மீனின் வாயை மட்டுமல்லாமல் கண்ணையும் செவுளையும் கிழிக்கிறது. வாங்கிய அன்றே அவற்றைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை மாட்டி, அதன் எதிர்முள்ளை மூக்குக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்க வேண்டும். முள்ளை ஒரு பழைய துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள்; நூல் இழை எதுவும் சிக்காமல் வழுக்கி வெளியே வந்தால் வேலை சரியாக முடிந்தது என்று பொருள். கோலை நிமிர்த்தி நூலைத் தொய்யவிடாமல் வைத்திருந்தால், எதிர்முள் இல்லாததால் தப்பும் மீன்கள் நாம் பயப்படும் அளவுக்கு இருக்காது. இரண்டாவது குறை, பாறையில் சிக்கும் லூர்களும் அறுந்து ஆற்றில் தங்கும் பின்னல் நூலும். அந்த நூல் மக்காது. பணச் செலவாகவும் ஆற்றுக்குக் கேடாகவும் இதுவே இந்த முறையின் மறைவான விலை.

அரை கிராம் கூட இல்லாத பூச்சி ஃபிளையை இந்தக் கோலால் அப்படியே வீச முடியாது. எனினும் தண்ணீர் ஊற்றி எடை ஏற்றும், கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் மிதவை ஒன்றைக் கட்டி, அதற்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் நூலில் ஃபிளையைத் தொங்கவிட்டால், ஃபிளை முறையை இதே கோலில் சுவைத்துப் பார்க்கலாம். ஃபிளை தனக்குப் பிடிக்குமா என்று தெரியாதவர் இதில் தொடங்கினால் பெரிய இழப்பு இல்லை. நியூசிலாந்தில் ஸ்பின்னிங் அனுமதிக்கப்படும் ஆறுகள் நிறைய உண்டு; ஃபிளை மட்டும் என்று ஒதுக்கப்பட்ட நீர்நிலைகளும் உண்டு. அங்கே இந்தக் கோலுக்கு இடமில்லை.

யாருக்கு எது

வீட்டுக்கு அருகில் இருப்பது கவிந்த கிளையாறு, கிடைப்பது மாலையில் ஒன்றரை மணி நேரம், குறி செபாராவ் என்றால் அல்ட்ராலைட்டே சரி. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சிற்றோடையும் சிறு மீனும் போதும், நடந்து போகும் சுகமே முக்கியம் என்றால் தென்காரா. அகன்ற கற்கரைக்கு மோட்டாரில் போக முடியும், பழக நேரம் உண்டு, ட்ரவுட் ஆசையும் வெறும் பேச்சில்லை என்றால் 6 எண் ஃபிளை கோல். கையில் இருக்கும் பணம் கோலுக்கு மட்டும் போதுமானதாக இருந்து வெப்பநாட்டு லைனுக்குப் போதாது என்றால், இன்னும் இரண்டு மாதம் பொறுத்து இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். தொகுப்பை வாங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

எந்தக் கோலாக இருந்தாலும், கெலாவைப் பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மெதுவாக வளரும் மீன் அது. தெம்பான நூலால் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து, தண்ணீரை விட்டு வெளியே தூக்காமல் முள்ளைக் கழற்றி விட வேண்டும். கெலா காப்பிடம் என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் தூண்டில் போடவே கூடாது. உள்நாட்டு மீன்பிடி மாநில அரசின் கையில் உள்ள விஷயம் என்பதால், மாநிலம் மாறினால் விதியும் மாறும். மாவட்ட மீன்வள அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. செமாய் பழங்குடியினரின் கிராமங்களை ஒட்டிய ஆற்றுக்குப் போகும்போது கிராமத்துப் பெரியவரிடம் சொல்லிவிட்டு இறங்குவதும் அவ்வளவு முக்கியம். அந்த ஆறு அவர்களுக்குச் சோறு போடுவது.

மூன்று கோலும் இன்று பெரும்பாலும் கார்பனில்தான் வருகின்றன. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பிற்பகலில் மலைப்பக்கம் இடி கேட்டால், கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். நான்கு மீட்டர் தென்காரா கோலை மின்கம்பிக்கு அடியில் நீட்டவே கூடாது. மேலே மழை பெய்தால் கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே கெப்பாலா ஆயர் என்னும் திடீர் வெள்ளம் இறங்கிவரும். தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் சேர்ந்து மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது ஆகியவை அதன் அறிகுறிகள். பத்தாங் பாடாங்கில் மின்நிலையங்களுக்காகவும் நீர் திருப்பப்படுவதால், மழையே இல்லாத நாளிலும் மட்டம் மாறலாம். நடு ஆற்றுப் பாறையில் நின்று வீசுபவர், திரும்பும் வழியை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ட்ரவுட் பயணம் உறுதியானால்

6 எண் கோலும் ரீலும் அப்படியே போதும். லைனை மட்டும் மாற்ற வேண்டும். நம் வெப்பநாட்டு லைன் அங்கே குளிரில் கம்பிச்சுருள் போல விறைத்துக்கொள்ளும். ஆகவே குளிர்நீர் லைன் ஒன்றைப் புறப்படும் முன் வாங்கி, மாற்று ஸ்பூலில் சுற்றிக்கொள்ளலாம். தொகுப்பு வாங்கி ஏமாந்தவர்களிடம் அந்த லைன் ஏற்கெனவே இருக்கும். அதற்கு உரிய இடம் அதுதான்.

கைப்பழக்கத்தையும் மாற்ற வேண்டும். செபாராவ் ஃபிளையைக் கவ்வும்போது கோலைத் தூக்காமல் இடக்கையால் லைனை இழுத்து முள்ளைப் பதிப்போம். தப்பினாலும் ஃபிளை மீனின் முன்னாலேயே இருக்கும். மேற்பரப்பில் உலர்ந்த ஃபிளையை எடுக்கும் ட்ரவுட்டுக்கு அந்த இழுப்பு ஆகாது: மீன் தலையைக் கீழே திருப்பும் வரை ஒரு மூச்சு பொறுத்து, பிறகு கோலை மெல்ல நிமிர்த்த வேண்டும்.

நியூசிலாந்துக்கு இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா வழியாக 1867இல் பழுப்பு ட்ரவுட் முட்டைகள் போய்ச் சேர்ந்தன. இன்று அங்கே மீன் பிடிக்க ஃபிஷ் அண்ட் கேம் என்னும் அமைப்பின் உரிமம் வேண்டும், தௌப்போ ஏரி வட்டாரத்துக்குத் தனி உரிமம். டிடிமோ என்னும் பாசி பரவியதால் கம்பளி அடித்தோல் வைத்த ஆற்றுக் காலணிகளுக்கு 2008இல் அங்கே தடை வந்தது. ரப்பர் அடியுள்ளதை வாங்குங்கள். பயன்படுத்திய கோல், காலணி, வலை எல்லாவற்றையும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். சேவல் இறகில் நாமே கட்டிய ஃபிளைகளும் அந்தப் பட்டியலில் சேரும். காலணியின் தையலில் கூட ஆற்று மண் ஒட்டியிருக்கக் கூடாது என்பதால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, வெயிலில் முற்றிலும் உலர வைத்துவிடுங்கள். லைனை மட்டும் நிழலில் உலர்த்துங்கள்.